கண்டம் மூழ்கவில்லை, நகர்ந்தது! - புரூஸ் ஃபூட்டும் நம்ம ஊர்ப் பாறைகளும்

லெமூரியா என்று சொன்னால் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய கண்டம் இருந்தது, அது கடலில் மூழ்கிவிட்டது, தமிழன் அங்கேதான் பிறந்தான் என்று யாராவது ஒருவர் ஆரம்பித்தால் போதும், பேச்சு நிற்காது. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது? அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கற்கள் எந்த ஊர்க் கற்கள்? கடைசியில் அறிவியல் என்ன முடிவுக்கு வந்தது? இப்படிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது.

அதைவிட ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் கதையின் முக்கியமான கற்கள் எங்கேயோ ஆப்பிரிக்காவில் மட்டும் இல்லை. நம் காத்திவாக்கத்தை ஒட்டிக் கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றின் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை முதன்முதலில் முறையாக வரைபடத்தில் குறித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியும், அவர் குறித்து வைத்த பாறைகள் பின்னால் என்ன சாட்சி சொன்னன என்பதைப் பற்றியும்தான்.

யார் இந்த ஃபூட்?

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851இல் தொடங்கப்பட்டது. ஃபூட் 1858இல் அதில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1891இல் ஓய்வு பெறும் வரை, அதாவது 33 வருடங்கள், தென்னிந்தியாவைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்து நிலவியலாளரின் வேலை நாற்காலி வேலை இல்லை. கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். ஓடைக்கரை, கிணறு, கல் குவாரி, சாலைக்குச் சரளை தோண்டிய பள்ளம் என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டி உடைத்து, எந்தப் பாறை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். தமிழோடு ஃபூட்டுக்கு அப்படியும் ஓர் உறவு உண்டு.

ஃபூட்டின் பெயர் தெரிந்தவர்களுக்குக்கூட ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் அவர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருடம் செப்டம்பரில் தன்னோடு வேலை செய்த வில்லியம் கிங்குடன் சேர்ந்து, கொசஸ்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. அதனால் அவரை இந்தியத் தொல் பழங்கால ஆய்வின் தந்தை என்கிறார்கள். சரிதான். ஆனால் சம்பளம் வாங்கியது கோடரி தேட அல்ல, பாறை வரைபடம் போட!

ஸ்ரீபெரும்புதூரும் சத்தியவேடும்

காத்திவாக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு பாறைகூடத் தெரியாது. மணல், கழிமுகம், சேறு. பாறை என்றால் கடல் அரிப்பைத் தடுக்க லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்தான். ஆனால் மேற்கேயும் வடமேற்கேயும் கொஞ்ச தூரம் போனால் நிலம் மாறிவிடும்.

பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆற்காடு மாவட்டங்களில் ஃபூட் செய்த வேலை, 1870இல் ஒரு சிறு கட்டுரையாகவும் 1873இல் விரிவான அறிக்கையாகவும் வெளிவந்தது. அதில் அவர் இரண்டு பாறைத் தொகுதிகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்றுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்று பெயர் வைத்தார். இன்னொன்றுக்குச் சத்தியவேடு (இந்த ஊர் இப்போது ஆந்திராவில், நம் எல்லையைத் தாண்டியதும் வருகிறது). ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில் இருப்பது பெரும்பாலும் களிமண் இறுகிய மெல்லிய அடுக்குப் பாறையும் மணற்கல்லும். உடைத்தால் உள்ளே இலைகளின் பதிவுகள். அதே அடுக்குகளில் கடல் உயிரினங்களின் ஓடுகளும் கிடைத்தன. அதாவது பக்கத்தில் காடு இருந்திருக்கிறது, கடலும் உள்ளே வந்து போயிருக்கிறது. சத்தியவேடு பக்கம் உருண்டையான குவார்ட்சைட் கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிய பாறை. வேகமாக ஓடும் ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து கொட்டியது போன்ற கற்கள்.

இலைப் பதிவுகளை ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் என்ற தாவரப் புதைபடிவ வல்லுநர் ஆராய்ந்து 1879இல் நூலாக வெளியிட்டார். இவை பீகார், வங்காளம் பக்கம் ராஜ்மகால் மலையில் கிடைத்த செடிகளின் சொந்தக்காரச் செடிகள் என்று தெரிந்தது. சைக்கஸ் மரம் மாதிரி இலை உள்ளவை, பெரணி வகைகள், ஊசியிலை மரங்கள். இப்படிப்பட்ட பாறைகள் முழுவதற்கும் சேர்த்து, மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலத்தை வைத்து மெட்லிகாட் என்ற நிலவியலாளர் 1870களில் ஒரு பெயர் வைத்தார். அதுதான் "கோண்ட்வானா". நம் பாடப் புத்தகத்தில் வரும் கோண்ட்வானா நிலப்பரப்பு என்ற பெயர் இந்தியாவிலிருந்துதான் போனது!

எண்ணூர்த் துறைமுகத்து நிலக்கரி

சென்னைப் பக்கத்துப் பாறைகள் கோண்ட்வானாத் தொகுதியின் மேல் அடுக்கு. கீழ் அடுக்கு இன்னும் பழையது. 1856இல் ஒரிசாவின் தால்ச்சேரில் வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற சகோதரர்களும் தியோபால்டு என்பவரும் ஒரு விசித்திரமான பாறையைப் பார்த்தார்கள். நுண்ணிய சேற்றுக்கு நடுவே பெரிய பெரிய உருண்டைக் கற்கள். ஆறு கொண்டுவந்திருந்தால் கல் ஒரு பக்கமும் சேறு ஒரு பக்கமும் பிரிந்திருக்கும். பனிக்கட்டிதான் இரண்டையும் ஒன்றாகத் தூக்கிவரும் என்று அவர்கள் எழுதினார்கள். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனியா என்று அப்போது பலர் நம்பவில்லை. பிறகு பனி உராய்ந்த கீறல்கள் உள்ள பாறைத் தளமே மத்திய இந்தியாவில் கிடைத்தது. இதன் வயது சுமார் 30 கோடி வருடங்கள்.

அந்தப் பனி விலகிய பிறகு வளர்ந்த காடுகள்தான் நிலக்கரி ஆயின. அந்தக் காட்டின் முக்கியமான மரம் குளோசாப்டெரிஸ். நாக்கு வடிவ இலை. இந்த இலை இந்தியா, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

2001இல் எண்ணூர்த் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்) திறக்கப்பட்டதே முக்கியமாக அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காக. தால்ச்சேர்ச் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப், பாரதீப்பிலிருந்து கப்பலில் எண்ணூர். ஆகவே கண்டங்கள் ஒன்றாக இருந்ததற்கான மிகப் பெரிய சாட்சி, மலை மலையாக நம் கண் முன்னால் குவிந்து கிடக்கிறது.

பாலம் கட்டிய காலம்

சரி, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே செடி எப்படி? 19ஆம் நூற்றாண்டில் கண்டம் நகரும் என்று பெரும்பாலும் யாரும் நினைக்கவில்லை. அதனால் நடுவில் நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றுதான் பலரும் யோசித்தார்கள்.

1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரில் உள்ள லெமூர் என்ற குரங்கினப் பிராணியின் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதைப் பார்த்து, நடுவில் ஒரு கண்டம் இருந்திருக்கும் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் லெமூரியா. லெமூர் என்ற பிராணியின் பெயரிலிருந்து வந்ததே தவிர, எந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்தும் வரவில்லை.

இதை நிலவியலில் வலுவாகச் சொன்னவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. தால்ச்சேரில் இருந்த அதே ஆள். அவர் திருச்சி, தென் ஆற்காடு மாவட்டங்களின் பாறைகளையும் ஆராய்ந்தவர். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அவர் பிரித்த தொகுதிகளின் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. திருச்சிப் பகுதியின் சிப்பிகளுக்கும் தென் ஆப்பிரிக்காவின் நேட்டால் கரையில் கிடைத்த சிப்பிகளுக்கும் நெருங்கிய ஒற்றுமை இருந்தது. கோண்ட்வானாச் செடிகளும் அப்படியே. இவற்றைச் சேர்த்து, இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு கண்டம் இருந்தது என்று 1875இல் கட்டுரை எழுதினார். பிறகு 1885இல் எடுவார்ட் சூயஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் "கோண்ட்வானா நிலம்" என்று ஒரு பெருங்கண்டத்தையே முன்வைத்தார். அவரும் நடு நிலம் மூழ்கியது என்றுதான் நம்பினார்.

இவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கையில் இருந்த சாட்சிக்கு அன்று கிடைத்த நல்ல விளக்கம் அதுதான். அதோடு சாட்சி பொய்யில்லை, விளக்கம்தான் பிறகு மாறியது.

1912

இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 6: ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஆல்ஃபிரட் வெக்னர் என்ற 31 வயது வானிலை ஆராய்ச்சியாளர் ஒரு கூட்டத்தில் பேசினார். கண்டங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்றார்.

பிப்ரவரி: தென் துருவத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட்டின் குழு, அன்டார்டிகாவில் பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் பாறைகளைச் சேகரித்தது. உணவில்லாமல் செத்துக்கொண்டிருந்தபோதும் அந்த 16 கிலோ கல்லை அவர்கள் தூக்கி எறியவில்லை. நவம்பரில் உடல்களோடு கற்களும் கிடைத்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் இலை இருந்தது! எண்ணூரில் இறங்கும் நிலக்கரியின் இலை, தென் துருவத்துக்குப் பக்கத்தில்.

டிசம்பர் 29: புரூஸ் ஃபூட் இறந்தார்.

கண்டங்கள் நகர்ந்தன என்ற கருத்து உலகத்துக்கு அறிமுகமான அதே வருடத்தில், அதற்கான சாட்சிகளில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்தவர் போய்விட்டார். தன் ஸ்ரீபெரும்புதூர் இலைகளும் சத்தியவேட்டுக் கற்களும் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஏன் நம்பவில்லை?

வெக்னர் சொன்னதில் ஒரு முக்கியமான வாதம் உண்டு. கண்டத்துப் பாறை எடை குறைந்தது. கடலடிப் பாறை அடர்த்தி அதிகம். தண்ணீரில் கட்டை மிதப்பது போல, கண்டம் அடியில் உள்ள கனமான பாறையின் மேல் மிதக்கிறது. கட்டையைத் தண்ணீருக்குள் மூழ்கடித்து வைக்க முடியுமா? அதனால் இவ்வளவு பெரிய கண்டம் கடலடிக்குப் போய்க் காணாமல் போக முடியாது. அது மேலேயே இருக்கிறது, வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எது நகர்த்துகிறது என்று கேட்டால் வெக்னரிடம் நல்ல பதில் இல்லை. அதனால் பெரும்பாலான அறிஞர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1930இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்துபோனார்.

அப்போது அவர் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் ஒரு கள நிலவியலாளர். தென் ஆப்பிரிக்காவின் அலெக்சாண்டர் டு டாய்ட். ஃபூட்டைப் போலவே வருடக்கணக்கில் நடந்து நடந்து வரைபடம் போட்டவர். 1923இல் தென் அமெரிக்காவுக்குப் போய் ஐந்து மாதம் சுற்றினார். தன் ஊர்ப் பாறை அடுக்குகளே அங்கேயும் அதே வரிசையில் இருப்பதைக் கண்ணால் பார்த்தார். 1937இல் "அலையும் நம் கண்டங்கள்" என்ற பொருள் தரும் தலைப்பில் புத்தகம் எழுதி அதை வெக்னர் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார். மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் முடியாது என்றார்கள். பாறையில் நடந்தவர் நடந்திருக்கிறது என்றார்.

1950களில் இந்தியாவின் தக்காணப் பாறைகளில் உறைந்திருந்த காந்தத் திசையை அளந்தார்கள். இந்தியா ஒரு காலத்தில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது என்று அது காட்டியது. 1963இல் வைன், மேத்யூஸ் என்ற இருவர் கடலடியில் உள்ள காந்தப் பட்டைகளை விளக்கினார்கள். கடலடியில் உள்ள மலைத்தொடரின் நடுவில் புதுப் பாறை பிறந்து இரு பக்கமும் விலகிப் போகிறது என்று தெரிந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட அளவீடுகள் எங்கே எடுக்கப்பட்டவை தெரியுமா? இந்தியப் பெருங்கடலில், கார்ல்ஸ்பெர்க் முகடு என்ற இடத்தில். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே. லெமூரியா மூழ்கியிருக்க வேண்டிய அதே கடல்! அங்கே தேடியபோது மூழ்கிய கண்டம் கிடைக்கவில்லை, நகரும் கடலடிதான் கிடைத்தது.

நம் கடற்கரையின் பிறப்பு

இப்போது ஃபூட்டின் பாறைகளுக்குத் திரும்பலாம். இந்தியாவின் கிழக்குக் கரை ஒரு காலத்தில் அன்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. பல்லாவரம், பறங்கிமலைக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். 1893இல் தாமஸ் ஹாலந்து வைத்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் நம் பக்கத்துக் கல் என்பதால் அந்தப் பெயர். இதே வகைப் பாறைகள் அன்டார்டிகாவின் கரையிலும் இருக்கின்றன.

சுமார் 13 கோடி வருடங்களுக்கு முன்பு இரண்டும் பிரிந்தன. துணியை இழுத்தால் கிழியும் முன் நடுவில் மெலிந்து போகுமே, அது போல நிலம் மெலிந்து பள்ளங்கள் விழுந்தன. பாலாற்றுப் பள்ளம், காவிரிப் பள்ளம், கிருஷ்ணா கோதாவரிப் பள்ளம் எல்லாம் அப்படி வந்தவை. மேட்டிலிருந்து ஆறுகள் கற்களை உருட்டிக் கொண்டுவந்து கொட்டின. அதுதான் சத்தியவேடு. பள்ளத்துக்குள் புதிய கடல் எட்டிப் பார்த்தது. செடிகளின் இலைகளும் கடல் ஓடுகளும் ஒரே சேற்றில் புதைந்தன. அதுதான் ஸ்ரீபெரும்புதூர். அதாவது ஃபூட் வரைந்தது வங்காள விரிகுடா பிறந்த நாளின் பதிவு. காவிரிப் பள்ளத்தில் நரிமணம் எண்ணெய் கிடைப்பதும் அந்தக் கிழிசலின் விளைவுதான்.

இன்னொரு விஷயம். அத்திரம்பாக்கத்துக் கற்கோடரிகள் குவார்ட்சைட் கல்லில் செய்யப்பட்டவை. அந்தக் கல் பக்கத்து அல்லிக்குழி மலையிலிருந்து வந்தது. அந்த மலையின் உருண்டைக் கற்கள் இதே கோண்ட்வானா காலப் படிவுகள். கண்டம் கிழிந்தபோது ஆறு உருட்டிப்போட்ட கல்லை, சுமார் 15 லட்சம் வருடங்களுக்கு முன்பு ஒரு ஆதி மனிதன் எடுத்துச் செதுக்கியிருக்கிறான். ஃபூட்டின் இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே கல்லில் சேர்கின்றன.

அப்படியானால் குமரிக் கண்டம்?

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், ஆனால் கணக்கைப் பாருங்கள். கண்டங்கள் பிரிந்தது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன். நம் மனித இனம் தோன்றி சுமார் 3 லட்சம் வருடங்கள். அந்தப் பிரிவைப் பார்க்கத் தமிழன் மட்டுமல்ல, எந்த மனிதனும் இல்லை. 2013இல் மொரீஷியஸ் தீவின் மணலில் பழைய கண்டத்துப் பாறைத் துகள்கள் கிடைத்தபோது, குமரிக் கண்டம் கிடைத்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். அது மடகாஸ்கரும் இந்தியாவும் பிரியும்போது உடைந்த சிறு துண்டு. அதுவும் டைனோசர் காலத்துக் கதை.

ஆனால் கடல் நிலத்தைக் கொண்டது என்று நம் பழைய இலக்கியங்கள் சொல்வது வெறும் கற்பனை என்றும் நான் சொல்லவில்லை. சுமார் 20,000 வருடங்களுக்கு முன்பு கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. இலங்கையும் நாமும் ஒரே நிலமாக இருந்தோம். பனி உருகியபோது கடல் மெல்ல மெல்ல ஏறியது. பிறகும் புயலும் ஆழிப்பேரலையும் ஊர்களைத் தின்றன. எண்ணூர்க் கரையில் இருப்பவர்களுக்குக் கடல் ஒரு தெருவை எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கரை கடலுக்குள் போனது உண்மை. கண்டம் போனது உண்மையில்லை. இரண்டையும் குழப்பினால் முதலாவதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நமக்கு என்ன?

கொள்கைகள் வரும், போகும். பிளான்ஃபோர்டின் கண்டம் போய்விட்டது. சூயஸின் மூழ்கிய நிலமும் போய்விட்டது. ஆனால் பிளான்ஃபோர்டு அரியலூரில் எழுதிய குறிப்பும் ஃபூட் ஸ்ரீபெரும்புதூரில் எழுதிய குறிப்பும் இன்றும் பயன்படுகின்றன. காரணம், அவர்கள் பார்த்ததையும் நினைத்ததையும் கலக்காமல் தனித்தனியாக எழுதினார்கள்.

கவலை என்னவென்றால், அந்தக் குறிப்பைச் சரிபார்க்க வேண்டிய பாறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் கார் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி. தொழிற்சாலை வேண்டாம் என்று தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் நாம் சொல்ல முடியாது. ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போது வெளிவரும் அடுக்கை மூடுவதற்கு முன் ஒருவர் பார்த்து, படம் எடுத்து, எழுதி வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஃபூட்டும் பல்லாவரத்தில் அடுத்தவர் தோண்டிய குழியைத்தானே பார்த்தார்.

நண்பர்களுக்கு ஒரு யோசனை. ஃபூட் சேர்த்த பழங்காலப் பொருட்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்திரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பூண்டியிலும் ஓர் அகழ்வைப்பகம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். போகும் வழியில் கொசஸ்தலையாற்றில் ஒரு உருண்டைக் கல் கண்ணில் பட்டால், எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். எந்த இடம் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.